விரல் நுனியில் ஒரு விமானம்

பொம்மை என்னும் சொல்லை நாம் சற்று அலட்சியமாகவே உச்சரிக்கிறோம். ஆனால் வரலாறு அவ்வாறு அலட்சியம் செய்யவில்லை. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், புரொட்டஸ்டாண்டு சபையொன்றின் ஆயராக இருந்த மில்டன் ரைட் என்பவர், வெளியூர்ப் பயணம் முடிந்து வீடு திரும்புகையில் தம் மக்களுக்காகப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆனது அது. முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் மேலெழும்பிக் கூரையைத் தொட்டது. மூத்தவன் வில்பருக்கு வயது 11. இளையவன் ஆர்வில்லுக்கு 7. பொம்மை சில நாளில் உடைந்து போயிற்று. சிறுவர் இருவரும் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. தாமே அதைப் போல் வேறொன்றைச் செய்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1903 டிசம்பர் 17 அன்று, மனிதனைச் சுமந்து தன் விசையால் பறந்த முதல் விமானத்தை உலகுக்குத் தந்தவர்கள் அவ்விருவரே.

இச்செய்தியை இங்கு நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. தென்னூரிலும் தில்லை நகரிலும், பாலக்கரையிலும் பொன்மலையிலும், மொட்டை மாடியில் அமர்ந்து தெர்மக்கோல் பலகையை அறுத்து, மூங்கில் சீவலை ஒட்டி, சிறு விமானம் ஒன்றை உருவாக்க முயலும் பிள்ளைகள் உள்ளனர். "படிக்க வேண்டிய நேரத்தில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்கும் பெற்றோரும் உள்ளனர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களை எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டா, விஞ்ஞானமா?

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம், கடையில் வாங்கி விசை முடுக்கி ஓடவிடும் பொம்மையன்று. பெரிய விமானத்தைத் தாங்கும் அதே இயற்கை விதிகள்தாம் இதையும் தாங்குகின்றன. அளவில் சிறியதாயினும் இது முழு விமானமே.

இதன் வரலாறும் பெரியது. பிரான்சு நாட்டு இளைஞர் அல்ஃபோன்ஸ் பெனோ 1871-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத் துய்லெரி பூங்காவில் ரப்பர் விசையால் இயங்கிய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் அது நிலைகுலையாமல் சென்றது. ரைட் சகோதரர்களின் கைக்கு வந்த பொம்மையும் பெனோவின் கற்பனையில் பிறந்த வகையே. 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா, கம்பித் தொடர்பு ஏதுமின்றி ஒரு சிறு படகை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். இவ்விரண்டு வித்தைகளும் ஒன்று சேர மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1937-இல் அமெரிக்காவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் வானொலிக் கட்டுப்பாட்டில் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டு வெற்றி கண்டனர். 'கஃப்' என்னும் அவ்விமானம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமானக் காட்சியகத்தின் உடைமை.

இக்கலையின் உச்சத்தை 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகம் கண்டது. மேனார்டு ஹில் என்னும் முதியவரின் குழு செய்த மாதிரி விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அயர்லாந்தில் இறங்கிற்று. எடை 5 கிலோகிராமுக்கும் குறைவு. கடந்த தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 38 மணிக்கு மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் மனிதர் கை இயக்கியது. இடையில் தானியங்கிக் கருவி வழிநடத்தியது. அதை உருவாக்கிய ஹில், சட்டப்படி பார்வையற்றவர் என்று கணக்கிடப்படும் அளவுக்குக் கண் மங்கியவர்! விரல்களால் தடவித் தடவியே விமானம் செய்தவர்.

காகிதத்தில் தொடங்கும் விமானம்

விமானம் செய்யப் புகும் பிள்ளை முதலில் எடுக்க வேண்டியது கத்தியன்று, பென்சில். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இறக்கையின் முழு நீளம் 120 சென்டிமீட்டர் எனவும், அகலம் 20 சென்டிமீட்டர் எனவும் கொள்வோம். பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். வாலின் கிடைப் பலகைக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 480 சதுர சென்டிமீட்டர் போதும். நிமிர்ந்து நிற்கும் வாலுக்கு அதிலும் பாதி. இறக்கைக்கும் வாலுக்கும் இடையே இறக்கை அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம் இருத்தல் நன்று. இறக்கையின் இரு நுனிகளையும் சற்று மேல்நோக்கி உயர்த்தி அமைத்தால், காற்றில் ஒரு பக்கம் சாய்ந்த விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். கற்றுக்கொள்பவனுக்கு இது பெரும் துணை.

அடுத்தது எடை. மேற்சொன்ன விமானத்தின் மொத்த எடை 800 கிராம் என்றால், அது கீழே விழாமல் பறக்க மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் வேகம் தேவை. 'உறுதியாக இருக்கட்டும்' என்று பசையையும் பலகையையும் கூட்டிக் கூட்டி எடையை 1,600 கிராம் ஆக்கிவிட்டால், அவ்வேகம் 37 கிலோமீட்டர் ஆகிவிடும். எடையும் இரட்டிப்பு, வேகமும் அதிகம். ஆகவே தரையில் இறங்கும்போது அடங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. உறுதிக்காகச் சேர்த்த கனமே உடைவதற்குக் காரணமாகிறது! எங்கே வலிமை வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று தெரிந்து சேர்ப்பதே கைவினைஞனின் திறமை.

மேல்நாட்டார் இதற்குப் பால்சா மரத்தை விரும்புவர். தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளையும் மரம் அது; நம் தேக்கின் எடையில் நான்கில் ஒரு பங்கே இருக்கும். விலை அதிகம் என்பதால் நம் பிள்ளைகள் தெர்மக்கோலையும், விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் வரிவரியான பிளாஸ்டிக் அட்டையையும் கையாளுகின்றனர். தெர்மக்கோல் இறக்கையின் நடுவே மூங்கில் சீவல் ஒன்றைப் பதித்துவிட்டால் அது முதுகெலும்பு போல் தாங்கும். ஒட்டுவதில் ஓர் எச்சரிக்கை: நொடியில் பிடிக்கும் பசைகளில் பல தெர்மக்கோலைக் கரைத்துத் தின்றுவிடும். வெள்ளைப் பசை உலர நேரமாகும். ஆனால் கெடுதல் செய்யாது. காத்திருக்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதானே!

எல்லாம் முடிந்த பின் ஒரு சோதனை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 அல்லது 6 சென்டிமீட்டர் தள்ளி, இருபுறமும் ஆட்காட்டி விரல் நுனிகளை அடியில் வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சமமாகவோ, மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நின்றால் நலம். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. மின்கலத்தை முன்னால் நகர்த்தி மீண்டும் சோதிக்க வேண்டும். ஓசையில்லாத இச்சோதனையைச் சோம்பலால் தவிர்த்தவர்களின் விமானங்கள் முதல் நிமிடத்திலேயே மண்ணைக் கவ்வியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

பட்டத்திற்குக் கயிறு உண்டு. இவ்விமானத்திற்கோ வானொலி அலையே கயிறு. தரையில் நிற்பவர் கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரில் இரு கோல்கள் இருக்கும். கோலை அசைத்தவுடன் அதன் நிலை மின்குறியாக மாறி, அலையில் ஏறிச் சென்று, விமானத்தில் உள்ள ரிசீவரை அடைகிறது. ரிசீவர் அதைச் 'சர்வோ' எனப்படும் தீப்பெட்டியினும் சிறிய மோட்டார்களுக்கு உணர்த்துகிறது. வினாடிக்கு 50 முறை சர்வோவுக்கு ஒரு மின்துடிப்பு வருகிறது. துடிப்பு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் 'நடுவில் நில்' என்று பொருள். ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு பக்கம் திரும்பும். இரண்டு பங்காகக் கூடினால் மறுபக்கம் திரும்பும். சர்வோவின் கை மெல்லிய கம்பியை இழுக்க, வாலில் உள்ள சுக்கானோ உயர்த்தியோ அசைகிறது. விமானம் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது.

முற்காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கிவிட்டால் விமானம் யாருக்கும் அடங்காமல் விழுந்துவிடும். இப்போது வழக்கில் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே அடையாளம் கண்டுகொள்ளும். ஆடுகளின் கூட்டத்தில் தன் மேய்ப்பனின் குரலை மட்டும் அறியும் ஆட்டைப் போன்றது அது. எனினும் ஓர் ஒழுங்கு மாறவில்லை: முதலில் கையில் உள்ள கருவியை உயிர்ப்பிக்க வேண்டும், பிறகே விமானத்தை. நிறுத்தும்போது முதலில் விமானம், பிறகு கருவி. இவ்வரிசை தவறினால், கட்டளையிடுபவர் இல்லாத விமானத்தின் புரொப்பெல்லர் தானே சுழலத் தொடங்கிவிடக்கூடும்.

எதிரே வரும்போது

விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் இடக்கை நம் இடக்கை. நம்மை நோக்கித் திரும்பி வரும்போதோ எல்லாம் தலைகீழ். கோலை இடப்பக்கம் தள்ளினால் அது நம் கண்ணுக்கு வலப்பக்கம் போகும். புதிதாய்ப் பழகுகிறவர்களைத் தடுமாற வைக்கும் இடம் இதுவே. இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் உபாயம் எளியது: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் கோலைத் தள்ளுக, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பது போல. அது நிமிர்ந்துவிடும்.

இப்படியெல்லாம் கற்றாலும் விமானம் விழும். பல மாலைகள் பாடுபட்டுச் செய்தது சில வினாடிகளில் சிதறும். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நமக்குப் பாவமாயிருக்கும். ஆயினும் அவன் கற்கும் மிகப் பெரிய பாடம் அங்கேதான் இருக்கிறது. பரீட்சையில் விடை தவறினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். 'அவர் சரியாகத் திருத்தவில்லை' என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். காற்றிடம் அப்படி வாதாட முடியாது. காற்று யாரிடமும் பட்சபாதம் காட்டுவதில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, எது முதலில் முறிந்தது என ஆராய்ந்து, மறுபடி ஒட்டத் தொடங்கும் பிள்ளை, உண்மையை ஒப்புக்கொள்ளவும் மீண்டும் எழவும் ஒருசேரப் பழகுகிறான்.

திருச்சியின் சுவடுகள்

நம் ஊருக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு பலர் எண்ணுவதைவிட நெருக்கமானது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றவர். அங்கிருந்து சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்கச் சென்றார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பழைய விமானங்கள் இரண்டும் அவர் உள்ளத்தைக் கவர்ந்ததைத் தம் வரலாற்றில் அவரே கூறியுள்ளார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவர் குழுவுக்குத் தரப்பட்டது. வேலை மந்தமாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்தார். உணவையும் உறக்கத்தையும் மறந்து வரைபடத்தை முடித்தார் மாணவர் கலாம்.

பின்னர் அவர் விமானப் படையில் விமானியாகச் சேர டேராடூன் சென்றார். 25 பேரில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. எடுத்துக்கொள்ளப்பட்டவர்களோ எட்டுப் பேர். விமானத்தில் அமர்ந்து ஓட்டும் வாய்ப்பு அன்று நழுவியது. ஆனால் வரைபடப் பலகையில் பெற்ற பயிற்சி நழுவவில்லை. இந்தியாவின் ஏவுகணைகளை உருவாக்க அதுவே உதவிற்று.

அதே எம்.ஐ.டி. வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் உருவானதுதான் 'தக்ஷா' என்னும் மாணவர் குழு. மருத்துவ அவசர உதவிக்கு ஆளில்லா விமானத்தைப் பயன்படுத்தும் போட்டி 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தபோது, இக்குழு இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி விமானங்களில் நீண்டகால ஈடுபாடுள்ள திரைப்பட நடிகர் அஜித்குமார் குழுவின் ஆலோசகராக இருந்தார் என்பதைப் பிள்ளைகள் நமக்கு முன்பே அறிந்திருப்பர்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆண், பெண் இருபாலரும் அதில் சேரலாம். துவாக்குடியில் உள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி விமானம் செய்யும் மாணவர் கழகமே உண்டு. 2019 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது நம் திருச்சியில்தான். அதன் ஐந்து முனைகளில் திருச்சியும் ஒன்று. 1928 முதல் பொன்மலை ரயில்வே பணிமனையும், அறுபதுகளிலிருந்து திருவெறும்பூர் கொதிகலன் ஆலையும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இரும்பைப் போல் காற்றும் தொழிலாகலாம்.

எங்கே பறக்கவிடுவது?

இங்கேதான் தென்னூர்க் குடும்பங்கள் கவனமாய் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் விமானம் செய்யலாம். மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடக் கூடாது. மின்கம்பிகள், நெருக்கமான வீடுகள், தெருவில் விளையாடும் குழந்தைகள் என்னும் காரணங்களோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. மாதிரி விமானங்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவையே. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையை விட்டு எழும்புவதற்கே அனுமதி வேண்டும். புதுக்கோட்டை சாலையில் உள்ள நம் விமான நிலையத்திற்குத் தென்னூர் அவ்வளவு அருகில்தான் இருக்கிறது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 60 மீட்டர் உயரமும், அதற்கு அப்பால் 120 மீட்டர் உயரமும் பச்சை வானத்தின் வரம்புகள். தொழிற்சாலைகளும் அரசு நிலையங்களும் தனித் தடைப் பகுதிகளாக இருக்கக்கூடும், விதிகளும் திருத்தப்படுவதுண்டு. ஆகவே அரசு வெளியிடும் இணைய வரைபடத்தைப் பார்த்த பின்னரே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறங்கி வரும் பயணி விமானம் ஒன்றில் இருநூறு குடும்பங்களின் கண்ணின் மணிகள் அமர்ந்திருக்கலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். விதியின் பொருள் அவனுக்கு விளங்கிவிடும்.

காலமும் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி; 800 கிராம் விமானம் எம்மாத்திரம்? ஆனி, ஆடி மாதங்களில் செய்வதோடு நிறுத்திக்கொண்டு, காற்று அடங்கிய பின் அதிகாலையில் பறக்கவிடுவதே அறிவுடைமை.

வீட்டிற்குள்ளும் இரண்டு காவல்கள் தேவை. மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் அதன் விளிம்பு கத்தியினும் கொடியது. லித்தியம் மின்கலத்தை அதற்கென உள்ள மின்னேற்றியில், தரை ஓட்டின் மீது, திரைச்சீலைக்கும் கட்டிலுக்கும் எட்டத்தில் வைத்து, பெரியவர் ஒருவர் விழித்திருக்கையிலேயே மின்னேற்ற வேண்டும். உப்பிய கலத்தை இரக்கப்பட்டு வைத்திருத்தல் ஆகாது. அது தீப்பற்றினால் வீடே ஆபத்திற்குள்ளாகும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

செலவு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டர், மோட்டார், மின்கலம், மின்னேற்றி அனைத்தும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயை எட்டக்கூடும். மாதச் சம்பளக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. ஆகையால் எடுத்த எடுப்பில் வாங்கித் தர வேண்டாம். முதலில் சில பத்து ரூபாயில் செய்யக்கூடிய கையால் எறியும் மிதவை விமானத்தைப் பிள்ளை செய்யட்டும். அது பத்து வினாடி நேராக மிதக்கும்வரை திருத்தித் திருத்திப் பார்க்கட்டும். அந்தப் பொறுமை இருந்தால் அடுத்த படிக்குச் செலவிடலாம். இல்லையேல் பணம் மிச்சம். கருவிகளை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழி.

படிப்பு கெடுமே என்பது அடுத்த கவலை. பாடங்களைக் கைவிட்டு இதிலேயே மூழ்குவதை நாம் ஆதரிக்கவில்லை. நேர வரம்பு வேண்டும். ஆனால் பரப்பளவும் விகிதமும் புவியீர்ப்பு மையமும் புத்தகத்தில் உயிரற்றுக் கிடக்கையில் வராத ஆர்வம், தன் விமானத்திற்காக அவற்றைக் கணக்கிடும்போது வருவதை மறுக்க முடியாது. மகளுக்கும் இதே வாய்ப்பு கிடைக்க வேண்டும். கத்தியைத் தம்பியிடமும் துடைப்பத்தை அக்காளிடமும் தரும் வழக்கத்தை இந்த மேசையிலாவது விட்டுவிடுவோம்.

இவை எல்லாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. விமானம் செய்ய இரண்டு கைகள் போதா. ஒருவர் இறக்கையைப் பிடித்தால்தான் மற்றவர் ஒட்ட முடியும். பிள்ளை பசை தடவும்போது தந்தை இறக்கையைப் பிடித்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரத்தில், கைப்பேசிகள் மௌனமாயிருக்க, பல நாள் பேசாத பேச்செல்லாம் வெளிவரும். விமானம் என்றாவது ஒருநாள் விழத்தான் போகிறது. அன்று மாலை அதைத் துண்டு துண்டாக ஏந்தி வரும் பிள்ளையிடம், "எத்தனை ரூபாய் போயிற்று?" என்பது நம் முதற் சொல்லாக இல்லாதிருக்கட்டும். "எங்கே முறிந்தது, காட்டு" என்று அருகில் அமர்வோம்.